இயல்பு என்று வந்த அலை

அன்னூர்
19.11.2023

அக்காவுக்கு,

அருள் எழுதுவது. கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதே. இடது கை. பயிற்சி கொடுக்கிற அம்மணி தினமும் ஒரு பக்கம் எழுதியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். நோட்டில் அ, ஆ எழுதினால் பாப்பா சிவப்புப் பென்சிலோடு வந்து உட்கார்ந்துகொள்கிறாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையிடம் தினமும் பத்துக்கு மூன்று மார்க் வாங்க முடியவில்லை. நீ டாக்டர், எந்தக் கையெழுத்தையும் படித்துவிடுவாய். அதனால் இனி உனக்குத்தான் எழுதப் போகிறேன்.

கடையைத் திறந்துவிட்டேன். பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்ட ஓர் ஆள் போட்டிருக்கிறேன். பதினேழு வருசம் வலது கையால் கட்டியது, இப்போது பக்கத்தில் உட்கார்ந்து கோளாறு எங்கே என்று மட்டும் சொல்கிறேன். பழகிவிடும்.

எரிச்சல் மட்டும் விடவில்லை. விரலைத் தோசைக்கல்லில் வைத்து அழுத்தின மாதிரி. கிள்ளினால் தெரியாத கைக்கு எரிச்சல் மட்டும் எப்படித் தெரிகிறது என்று வீட்டில் கீதா கேட்கிறாள். விபத்து நடந்த புதிதில் நீ சொன்னாய், "எரிச்சல் வந்தா நரம்பு முளைக்குதுன்னு அர்த்தம் கண்ணு" என்று. அதைக் கேட்டு அப்பாவுக்கு இருந்த சந்தோசம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "இன்னைக்கு எரியுதா? நல்லா எரியுதா?" என்று கேட்டுக் கேட்டுத் தேய்ப்பார்.

முளைக்கவில்லை, அதற்கு யார் என்ன செய்ய முடியும்? நீ செய்யாதது ஒன்றும் இல்லை. ஒன்பது மாசம் பார்த்துவிட்டுச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். தொடையிலிருந்து சதை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். அதுவும் நாலாம் நாள் கறுத்துப் போனது. உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்களுக்கு டாக்டர் அக்கா ஒருத்தி இருந்ததால்தான் இந்த அளவுக்காவது பார்க்க முடிந்தது என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

தீபாவளிக்கு நீ ஏன் வரவில்லை? அம்மா முறுக்கு டப்பாவை இன்னும் மேலே எடுத்து வைத்திருக்கிறாள்.

அருள்குமார்


பீளமேடு
3.12.2023

அன்புள்ள அருளுக்கு,

கடிதம் வந்தது. எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. எரிச்சலுக்கு இரவில் போடும் மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. அம்மாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும், கூரியரில் அனுப்பியிருக்கிறேன்.

தீபாவளி வாரம் முழுவதும் ஆஸ்பத்திரியில் வேலை. பட்டாசில் கை போனவர்கள், வண்டியில் விழுந்தவர்கள். அதனால் வரவில்லை. இதை எழுதும்போதே இது உண்மை இல்லை என்று எனக்குத் தெரிகிறது.

நீ எழுதியதில் ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதியிருக்க வேண்டாம். எது என்று இப்போது கேட்காதே.

கயல்விழி


அன்னூர்
30.12.2023

அக்காவுக்கு,

மாற்றுத்திறனாளி அட்டைக்குக் கலெக்டர் ஆபீசில் முகாம். நரம்பு டெஸ்ட் எடுத்த பேப்பர் வேண்டும் என்கிறார்கள். விபத்து நடந்து ஐந்தாம் வாரம் உங்கள் ஆஸ்பத்திரியில் பத்மாவதி டாக்டர் கரண்டு வைத்து, ஊசி குத்தி எடுத்தாரே, அது. உனக்கு நாலு தடவை போன் செய்தேன். கீதாவும் செய்தாள். தேடிப் பார்க்கிறேன் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய்.

செவ்வாய்க்கிழமை நானே பஸ் ஏறி வந்தேன். ரெக்கார்டு ரூமில் கேட்டதும் ஐந்து நிமிசத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். வந்ததுதான் வந்தோம், உன்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உன் அறை வாசலில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து, "மேடம் பின்னால படியில எறங்கிப் போயிட்டாங்களே" என்றார்.

ஏனக்கா?

திரும்பும்போது வராந்தாவில் பத்மாவதி டாக்டர் எதிரே வந்தார். துணியில் தொங்கிய கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "உங்க அக்கா உங்ககிட்டப் பேசினாங்களா?" என்றார். எதைப் பற்றிங்க என்று கேட்டேன். அவர் முகம் மாறிப்போனது. "அவங்களே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

நீ என்ன சொல்ல வேண்டும்?

அருள்


பீளமேடு
7.1.2024

அருளுக்கு,

நீ வாசலில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பின்படியில் இறங்கிக் காருக்குள் போய், நீ கேட்டைத் தாண்டிப் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒளிந்துகொண்டிருக்கிறேன். இனி முடியாது.

பத்மாவதி அறுவைச் சிகிச்சை டாக்டர்களுக்காக வீடியோ பாடங்கள் செய்திருக்கிறார். நரம்புச் சோதனைத் தாளை எப்படிப் படிப்பது என்று பதினெட்டுப் பாடங்கள், ஒவ்வொன்றும் பத்து நிமிடம். அந்தத் தாளில் எங்களைப் போன்றவர்கள் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம் என்று அவருக்கு வெகுநாள் வருத்தம். அக்டோபரில் ஒரு மதியம், அடுத்த ஆபரேஷனுக்கு நேரம் இருந்தது, ஏழாவது பாடத்தைப் போட்டுப் பார்த்தேன். திரையில் ஒரு தாள் வந்தது. பெயரை மறைத்திருந்தார். முப்பத்து நான்கு வயது ஆண், பைக் விபத்து, வலது கையில் அசைவும் இல்லை, தொட்டால் தெரிவதும் இல்லை. நரம்பில் மின்சாரம் வைத்தபோது சதையை அசைக்கும் இயக்க அலை வரவில்லை. உணர்ச்சி அலை இயல்பு. "வீடியோவை நிறுத்துங்கள். இவருக்கு என்ன செய்வீர்கள் என்று எழுதிவிட்டு மேலே பாருங்கள்" என்றார்.

நிறுத்தினேன். ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: நரம்பு உயிரோடு இருக்கிறது, காத்திருக்கலாம்.

மறுபடி ஓடவிட்டேன். "காத்திருக்கலாம் என்று எழுதியிருந்தால், இந்தக் கையை நீங்கள் இழந்துவிட்டீர்கள்" என்றார் பத்மாவதி.

உனக்குப் புரியும்படி எழுதப் பார்க்கிறேன். கைக்குப் போகும் நரம்புகள் கழுத்தில் தண்டுவடத்திலிருந்து ஐந்து வேர்களாகக் கிளம்புகின்றன. தொடு உணர்ச்சி நரம்புக்கு உயிர் கொடுக்கும் முடிச்சு தண்டுவடத்துக்குச் சற்று வெளியே இருக்கிறது. அந்த முடிச்சுக்குக் கீழே அறுந்தால் நரம்பு செத்துப்போகும், சோதனையில் அலை வராது. ஆனால் வேரே தண்டுவடத்திலிருந்து பிய்ந்து வந்துவிட்டால், முடிச்சு நரம்போடு பத்திரமாக இருக்கும். நரம்பு சாகாது, அலை அழகாக வரும். செய்தி மட்டும் மூளைக்குப் போய்ச் சேராது. மரத்துப்போன கையில் நல்ல உணர்ச்சி அலை வந்தால் வேர் பிய்ந்துவிட்டது என்று பொருள். அது தானாக ஒருநாளும் சேராது. உன் கழுத்து ஸ்கேனை ரத்தக்கட்டு மறைத்திருந்தது. இந்தத் தாள் மறைக்கவில்லை. நான்தான் படிக்கவில்லை.

ஆமாம், அது உன் தாள். தேதியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. போய் உன் கோப்பை எடுத்து ஒப்பிட்டேன். 'இயல்பு' என்ற சொல்லின் கீழே நான் பச்சைப் பேனாவில் கோடு போட்டு, டிக் அடித்திருந்தேன்.

முதல் ஆறு மாதத்துக்குள், விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பைக் கொண்டுவந்து கையில் இணைத்திருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன், விரல்கள் அப்போதும் வந்திருக்காது. முழங்கை மடங்கியிருக்கலாம். தோள் இப்படித் தொங்காமல் இருந்திருக்கலாம். எரிச்சலும் நரம்பு முளைத்ததால் வந்ததில்லை. வேர் பிய்ந்தவர்களுக்கு வரும் எரிச்சல் அது.

உனக்கு மட்டும் செய்த தவறு இல்லை இது. 2022 நவம்பரில், விபத்து நடந்து மூன்று மாதம் இருக்கும், கீதா நாத்தனார் என்ற மரியாதையோடு என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். "ஏனுங்க நங்கையா, தப்பா நெனைக்காதீங்க, வேற ஒரு டாக்டர்கிட்டயும் ஒருக்காக் காட்டிப் போடலாமுங்களா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டாக்டருக்குப் படிச்சது நானா நீயா?" அவள் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அப்போது இன்னும் நேரம் இருந்தது.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. நீ எல்லோரிடமும் என்னைப் பற்றிச் சொல்கிறாய் என்று எழுதியிருந்தாயே, அதை நிறுத்தவே எழுதுகிறேன்.

கயல்விழி


அன்னூர்
21.1.2024

டாக்டர் கயல்விழி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கீதாவிடம் படிக்கக் கொடுத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அப்பா தவறி பிப்ரவரியோடு ஒரு வருசம் ஆகிறது. திதிக்கு நீங்கள் வர வேண்டாம். அம்மா கேட்டால் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

மாத்திரை அனுப்ப வேண்டாம். அன்னூரிலேயே கிடைக்கிறது.

இ. அ. அருள்குமார்


பீளமேடு
25.2.2024

அருளுக்கு,

திதிக்கு வரவில்லை. காலையில் சிங்காநல்லூர்க் குளக்கரையில் போய் நின்றுவிட்டு வந்தேன். அப்பா சின்ன வயதில் நம்மை அங்கே கூட்டிக்கொண்டு போனதெல்லாம் இல்லை. போக எனக்கு வேறு இடம் தெரியவில்லை.

இதை எழுதக் காரணம் உண்டு. உன் கடிதத்தைப் பற்றிப் பத்மாவதியிடம் சொன்னேன். அவர், "நானும் சும்மா இருந்தவதான் கயல்" என்றார். அன்றைக்குத் தாளில் அவர் எழுதியது இரண்டே வரி: உணர்ச்சி அலைகள் இயல்பு, நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். எல்லாத் தாளிலும் எழுதும் வரி. வேர் பிய்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார். இரண்டு மாடி இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்கிறார். நீ சென்னையிலிருந்து திரும்பிய பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பாடங்களைச் செய்ய ஆரம்பித்திருக்கிறார்.

உன்னைக் கேட்காமல் உன் தாளைக் காட்டியது தவறு என்று ஏழாவது பாடத்தை எடுத்துவிட்டார். அதை மறுபடி படம்பிடிக்க வேண்டும். இந்த முறை அந்தத் தாளைத் தவறாகப் படித்த டாக்டரே வந்து பேசினால்தான் மற்றவர்களுக்கு உறைக்கும் என்கிறார். ஈரோட்டிலும் தாராபுரத்திலும் பொள்ளாச்சியிலும் என்னைப் போல் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாடம் பார்த்த பதினான்கு பேரில் பதினொரு பேர் 'காத்திருக்கலாம்' என்றுதான் எழுதினார்களாம்.

நான் பேசத் தயார். ஆனால் கை உன்னுடையது. நீ வேண்டாம் என்றால் வேண்டாம். பதில் எழுதாவிட்டாலும் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வேன்.

கயல்விழி


அன்னூர்
17.3.2024

டாக்டர் அவர்களுக்கு,

மூன்று நாளாக அந்தப் பேப்பரைக் கடை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். முதலில் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. ஒரு கையால் பேப்பரைக் கிழிப்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியாது. பல்லால் பிடித்துக்கொள்ள வேண்டும். பல்லில் பிடித்தபோது அந்த அலை கண்ணுக்கு நேராக வந்தது.

அப்புறம் உங்கள் கடிதத்தை எடுத்துத் திருப்பிப் படித்தேன். முடிச்சு, வேர், மூளை. இரண்டாம் தடவை படிக்கும்போது எனக்குக் கோபமே வேறு மாதிரி வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

கிணற்று மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிடுவார்கள். போய் மீட்டர் வைத்துப் பார்ப்பேன். காயில் நன்றாக இருக்கும். "காயில் நல்லா இருக்குதுங்க, ரெண்டு மாசம் பாருங்க, தானா ஓடும்" என்று சொல்லிவிட்டு எவனாவது வண்டி ஏறுவானா? காயில் நன்றாக இருந்தும் மோட்டார் ஓடவில்லை என்றால் கரண்டு வந்து சேரவில்லை. மேலே எங்கேயோ கேபிள் பிடுங்கிக்கொண்டது. காயிலைத் தொடாமல், கேபிளைப் பிடித்துக்கொண்டே கம்பம் வரைக்கும் போக வேண்டும். காயில் எரிந்திருந்தால்கூடப் பரவாயில்லை, கட்டிக் கொடுத்துவிடலாம். நல்ல காயில்தான் ஏமாற்றும். பதினேழு வருசமாக எனக்குத் தெரிந்த சங்கதி இது அக்கா.

இதை எனக்கு நீ அன்றைக்கே சொல்லியிருந்தால்? இந்த அலை எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரே ஒரு வார்த்தை? "அப்ப மேல போயிப் பாக்கோணுமில்ல?" என்று நானே கேட்டிருப்பேன். நீ என்னிடம் பேப்பரைக் காட்டவே இல்லை. "சரியாயிரும் கண்ணு" என்று மட்டும் சொன்னாய். நானும் சரி என்று கட்டிலில் படுத்துக்கொண்டேன்.

விரல் எப்படியும் வந்திருக்காது, முழங்கை மட்டும்தான் மடங்கியிருக்கும் என்று எழுதியிருக்கிறாய். ஆறுதலுக்கு எழுதினாயோ என்னவோ. முழங்கை மடங்கினால் போதுமே. பாப்பா ஒரு தடவை தூக்கச் சொல்லிக் கேட்டாள். ஒரு கையில் இடுக்கித் தூக்கினேன், வழுக்கிக் கீழே விழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு கேட்பதில்லை. கொக்கி மாதிரி மடங்கி நின்றிருந்தால்கூட அவளை அதில் உட்காரவைத்திருப்பேன்.

வீடியோவுக்குச் சம்மதம். மூன்று விசயம்.

முதலில் அம்மாவிடம் நீயே வந்து சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன். ஊரில் எவனோ ஒருவன் போனில் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் கேட்கக் கூடாது.

கீதா கேட்டதையும் நீ சொன்ன பதிலையும் வீடியோவில் அப்படியே சொல்ல வேண்டும். டாக்டர்கள் கேட்கட்டும்.

என் கையை மட்டும் தனியாகக் காட்டக் கூடாது. முகத்தோடு காட்டு. நானும் வருகிறேன்.

அருள்


பீளமேடு
21.4.2024

அருளுக்கு,

நீ பஸ்ஸில் போய்ச் சேர்ந்திருப்பாய். காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

படம்பிடித்ததை இன்று பத்மாவதி போட்டுக் காட்டினார். நீ சட்டையைக் கழற்றிவிட்டு அந்த வெளிச்சத்தில் நின்றபோது நான் முதல்முறையாக உன் தோளைப் பார்த்தேன். எத்தனையோ முறை தொட்டுப் பார்த்த தோள்தான். சதையெல்லாம் வற்றி எலும்பு முனை தெரிகிறது. இயக்கமில்லாத கையை எப்படிச் சோதிப்பது என்று நான் கேமராவிடம் சொல்ல வேண்டும். உன் மணிக்கட்டைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். "நிறுத்தாதே, சொல்லு" என்று நீ சொன்னதும் பதிவாகியிருக்கிறது. அதை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கேபிள் கதையை நீ சொன்னது அப்படியே இருக்கிறது. "பத்து வருசமா வகுப்புல நான் வரைபடம் போட்டு விளக்கிட்டு இருக்கேன். இவர் ஒரு நிமிசத்துல சொல்லிட்டாரு" என்கிறார் பத்மாவதி. பாடம் இனிமேல் உன் பேச்சோடுதான் தொடங்கும்.

கீதாவின் கேள்வியைச் சொன்னேன். என் பதிலையும் சொன்னேன். அந்த இடத்தில் நீ கேமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

அம்மா எப்படி இருக்கிறாள்? அன்னூருக்கு வந்த அன்றைக்கு நான் சமையலறையில் உட்கார்ந்து எல்லாம் சொல்லி முடித்ததும் அவள் காபி கலந்து கொடுத்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கயல்விழி


அன்னூர்
12.5.2024

அக்காவுக்கு,

அம்மாவைக் கேட்டிருந்தாய்.

நீ போனதும் இரண்டு நாள் வேலை எல்லாம் வழக்கம் போலச் செய்தாள். மூன்றாம் நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏங்கண்ணு, அப்ப உங்கப்பன் அஞ்சு மாசம் அந்தக் கையத் தேச்சுட்டுக் கெடந்தாரே, அது எதுக்கு?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

உன் மேல் கோபம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "படிச்ச புள்ள, தெரியாமச் செஞ்சு போட்டா" என்று அக்கம்பக்கத்தில் அவளே முந்திக்கொண்டு சொல்கிறாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

நீ வந்த அன்றைக்குக் கீதா உள்ளே இருந்து வெளியே வராதது உன் மேல் கோபத்தால் இல்லை. நான் கேட்டேன், ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவங்க மன்னிப்பு எனக்கு எதுக்குங்க? அன்னைக்கு அவங்க ஒரு வார்த்தை சொன்னாங்கன்னு வாய மூடிட்டு நின்னது நானு. உங்களக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி வேற ஆஸ்பத்திரியில படுக்க வெச்சிருக்கோணும். செய்யல. என்னயவே என்னால மன்னிக்க முடியல."

நானும் படுத்துக் கிடந்தேன், அவளும் சும்மா நின்றாள், பத்மாவதி டாக்டரும் இரண்டு மாடி இறங்கவில்லை. எல்லோரும் உன்னை நம்பினோம். இப்போது ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து அவரவரையே திட்டிக்கொண்டிருக்கிறோம்.

கொஞ்ச நாள் எழுத வேண்டாம் என்று இருக்கிறேன். கை நன்றாகப் பழகிவிட்டது. பயிற்சி அம்மணியும் போதும் என்று சொல்லிவிட்டார்.

அருள்


பீளமேடு
9.2.2025

அருளுக்கு,

நீ எழுத வேண்டாம் என்றாய். ஒன்பது மாதம் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன ஜூலையில் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஓர் எலும்பு டாக்டர் எனக்குப் போன் செய்தார். என்னை முன்பின் தெரியாது. "மேடம், ஏழாவது பாடம் பாத்தனுங்க. என்கிட்ட இப்ப ஒரு பொண்ணு வந்திருக்கு. பனியன் கம்பெனி வேன் கவுந்து விழுந்துடுச்சுங்க. கை தூக்க முடியல, தொட்டாத் தெரியல. நரம்பு டெஸ்ட்ல உணர்ச்சி அலை இயல்புன்னு வந்திருக்கு. போன வருசமா இருந்தா அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட நல்ல செய்தின்னு சொல்லியிருப்பேன். இப்பப் பாத்தா பயமா இருக்குதுங்க" என்றார்.

அன்றைக்கே அனுப்பச் சொன்னேன். ஏழாவது வாரம் ஆபரேஷன் நடந்தது. நான் செய்யவில்லை. இதை மட்டுமே செய்கிற ஒருவர் செய்தார். நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

நேற்று அந்தப் பெண் வந்திருந்தாள். இருபது வயது. விலா நரம்பை இணைத்திருப்பதால் இப்போதைக்கு மூச்சை இழுத்தால்தான் கை அசையும். "காட்டட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்தாள். முழங்கை மடங்கியது அருள். மெதுவாக, நடுங்கிக்கொண்டே, மேசையின் உயரத்துக்கு வந்தது. "தும்முனாக்கூட மடங்குதுங்க டாக்டர், பஸ்ஸுல பக்கத்துல இருக்கறவங்க பயந்துக்கறாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அவளுடைய அப்பா என் காலில் விழ வந்தார். என்னைத் தொட வேண்டாம் என்று கத்திவிட்டேன். பாவம், அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள். ஏழு மாதத்தில் அவளுக்கு மடங்கியது. ஒன்பது மாதம் நான் உன்னைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தேன்.

இதை உனக்கு ஆறுதலாக எழுதவில்லை. உன் பேச்சைக் கேட்டுத்தான் அந்த டாக்டருக்குப் பயம் வந்தது. அது உனக்குத் தெரிய வேண்டும். அவள் சம்மதத்தோடு கை மடங்குவதைப் போனில் எடுத்திருக்கிறேன். நீ கேட்டால் அனுப்புகிறேன். கேட்காவிட்டால் அழித்துவிடுகிறேன்.

கயல்விழி


அன்னூர்
2.3.2025

அக்காவுக்கு,

போனில் கேட்டதும் வீடியோவை அனுப்பியதற்கு நன்றி. பார்த்தேன். முதல் தடவை கடையில் தனியாகப் பார்த்தேன். சந்தோசமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. பொறாமையாக இருந்தது. அந்தப் பிள்ளை மூச்சை இழுக்கும்போது நானும் இழுத்தேன். என் கை அப்படியே தொங்கியது. முட்டாள்தனம் என்று தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

அம்மா பார்த்துவிட்டு, "நல்லா இருக்கட்டும்" என்றாள். கீதா பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கட்டாயப்படுத்தவில்லை.

பாப்பா பார்த்தாள். மூன்றாம் வகுப்பு முடியப் போகிறது, எதையும் விடுவதில்லை. "இந்த அக்காவுக்கும் அப்பா மாதிரியே அடிபட்டுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்புறம் எப்படி மடங்குது?" அவங்க டாக்டர் பேப்பரைச் சரியாகப் படித்துவிட்டார், அதனால் சீக்கிரம் ஆபரேசன் செய்தார்கள் என்றேன். அப்புறம் கேட்டாள், "அப்ப உங்க பேப்பரப் படிச்ச டாக்டர் யாருங்கப்பா?"

அவள் உன் மேல் உயிராக இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். நீ கொடுத்த ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு மாட்டுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறாள். ஏன் அத்தை வருவதே இல்லை என்று வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிறாள். வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் பொய் சொன்னால் பின்னால் அவள் என்னை நம்ப மாட்டாள். உண்மையைச் சொன்னால் என் வாயால் உன்னை அவளிடமிருந்து பிடுங்கின மாதிரி ஆகும்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி மூன்று நாள் ஓட்டிவிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று நீயே எழுதி அனுப்பு. அவளே படித்துக்கொள்வாள்.

அருள்


பீளமேடு
9.3.2025

அருளுக்கு,

எழுதியிருக்கிறேன். சின்ன வார்த்தைகளாகப் போட்டிருக்கிறேன். நீயும் கீதாவும் முதலில் படித்துப் பாருங்கள். கொடுக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றினால் மட்டும் கொடு.

*

பாப்பாவுக்கு,

அப்பாவின் பேப்பரைப் படித்த டாக்டர் நான்தான்.

அதில் 'நல்லது' மாதிரி ஒரு வார்த்தை இருந்தது. நான் அதை மட்டும் படித்தேன். அது நல்லது இல்லை. அப்பாவுக்குச் சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று அர்த்தம். எனக்கு அது தெரியவில்லை. தெரியாது என்றும் எனக்குத் தெரியவில்லை. உன் அம்மா என்னிடம் வேறு டாக்டரைக் கேட்கலாமா என்று கேட்டாள். நான் அவளைத் திட்டினேன். அம்மா சொன்னதுதான் சரி.

உன் தாத்தாவிடம் கை சரியாகிவிடும் என்று சொன்னதும் நான்தான்.

அத்தைக்கு வேலை அதிகம் என்று அப்பா சொன்னது எனக்காகச் சொன்னது. உன் அப்பாவைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் வரவில்லை.

உனக்கு என் மேல் கோபம் வரும். வரலாம். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

அத்தை